க்னைசெனாவும் அப்பனுக்க பாரும்

நவம்பர் 4, ஞாயிறு

சாப்பாட்டு மேசையில் நான் குத்திய குத்தில் ஒரு கோப்பை உடைந்துவிட்டது. சீஃப் ஆபீசர் தனியாகக் கூப்பிட்டு, "பெர்க், கோபம் வந்தால் எங்கேயாவது எழுதி வை. மேசை கம்பெனிச் சொத்து" என்றார். எழுதுகிறேன். என் பெயர் பெர்க்மான்ஸ். இவர்கள் வாயில் பாதிதான் நுழைகிறது.

ஃபாக்லாந்து தீவுகளுக்குத் தென்கிழக்கே நிற்கிறோம். தேடுவது க்னைசெனாவ் என்ற ஜெர்மன் கவசக் கப்பலை. 1914 டிசம்பரில் இங்கிலீஷ்காரன் சுட்டு மூழ்கடித்தது. ஏறக்குறைய அறுநூறு பேர் அதோடு போனார்கள். கடலடியில் தானே நீந்திப் படமெடுத்து வரும் ஒரு மஞ்சள் எந்திரம் கப்பலில் இருக்கிறது. அதை வின்ச் வைத்து இறக்குவதும் ஏற்றுவதும் என் வேலை.

கோப்பை உடைந்த காரணம் இதுதான். சாப்பிடும்போது ஒருவன், "நூறு வருடம் ஆனாலும் கடலில் போனவர்களை அப்படியே விட்டுவிட முடியாதில்லையா" என்றான். எவ்வளவு நல்ல மனசு! என் தம்பி ததேயு, மீன்பிடி போட்டை ஓட்டும் ஸ்ராங்கு, போன வருடம் இதே மாதம் கடைசியில் வந்த புயலில் ஒன்பது பேரோடு காணாமல் போனான். அவனை ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள். நான் அப்போது வேறொரு சர்வே கப்பலில் ஆப்பிரிக்கா பக்கம் இருந்தேன். எனக்குச் செய்தி வந்து சேர்ந்தபோது தேடலே முடிந்திருந்தது.

நவம்பர் 6

தம்பி மனைவி டெல்பின் போன் செய்தாள். முப்பதாம் தேதி வருட நினைவு. பத்துப் பேருக்கும் அன்றைக்கு அடக்கப் பூசை வைத்து, உடல் கிடைக்காத குறைக்கு ஆளுக்கொரு சட்டையைக் கல்லறையில் வைப்பதென்று பங்குக் கோவிலில் முடிவெடுத்திருக்கிறார்கள்.

"ஒம்பது வீட்டுலயும் சரின்னு செல்லியாச்சு அத்தான். இனி நம்ம வீடுதான். ஃபாதர் கேட்டுக்கிட்டே இருக்காரு."

"அம்ம என்ன செல்லுதா?"

"மூத்தவன் செல்லட்டும்னு செல்லுதா."

"மொதல்ல ஒழுங்கா தேடட்டும் டெல்பின். தேடாம எப்பிடி அடக்கம் பண்ண? சட்டைக்கா பூசை?"

"இனி ஆரு தேடுவா?"

"தேட வைக்கணும். மனு குடுத்திருக்கேன்லா."

பிறகு, "உங்களுக்கு வேற ஒண்ணும் தோணல்லியா அத்தான்?" என்று கேட்டாள். என்ன தோன்ற வேண்டும்? கோபம்தான் தோன்றுகிறது என்றேன். வைத்துவிட்டாள்.

நான் சரி சொல்லமாட்டேன். சரி சொன்னால் அவர்கள் செய்தது போதும் என்று நான் கையெழுத்துப் போட்ட மாதிரி.

நவம்பர் 8

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹெல்கா பேசினார். ஹெல்கா எங்கள் கப்பலின் சரித்திர ஆள், ஜெர்மன்காரி, அறுபது வயதிருக்கும். அவருடைய பாட்டனின் அண்ணன் க்னைசெனாவில் கரி அள்ளியவன். திரும்பி வரவில்லை. தேடலுக்கு வந்தவர்கள் எல்லாரும் கப்பலின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். வின்ச்காரனும் உட்காரவேண்டும்.

பிரேமன் நகரத்தில் கட்டினார்கள். 1906-இல் தண்ணீரில் இறக்கினார்கள். எட்டு அங்குலத்துக்கு மேல் வாய் உள்ள எட்டுப் பெரிய பீரங்கிகள். 1910-இல் சீனாவுக்கு அனுப்பினார்கள். அங்கே சிங்தாவ் என்ற துறைமுகத்தை ஜெர்மனி பிடித்து வைத்திருந்ததாம். அதைக் காவல் காக்க.

"யாரிடமிருந்து காவல்?" என்று கேட்டேன்.

ஹெல்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல கேள்வி. சீனாக்காரர்களிடமிருந்தும்தான்."

அடுத்தவன் ஊரைப் பிடித்து, அதை அவனிடமிருந்தே காத்திருக்கிறார்கள். இந்தக் கப்பலைத்தான் தேடுகிறோம். ஆனால் ஹெல்கா மழுப்பவில்லை. அது பிடித்தது.

நவம்பர் 10

எந்திரம் மேலே வந்தது. படத்தில் சேறு. கம்பிவடத்துக்குக் கிரீஸ் போட்டேன். குளிரில் கிரீஸ் சோப்புக்கட்டியாக இருக்கிறது.

நவம்பர் 12

எந்திரத்துக்கு பேட்டரி மாற்றும் நேரத்தில் ஹெல்கா டெக்குக்கு வந்தார். ததேயு காணாமல் போனது அவருக்கும் தெரியும், கோப்பை உடைந்த அன்றே எல்லாரிடமும் கத்தியிருந்தேன். உங்கள் ஊரில் எப்படி மீன் பிடிப்பீர்கள் என்று கேட்டார். எங்கள் குமரிக் கடற்கரைக்காரர்கள் ஒரு மாதம், நாற்பது நாள் கூடக் கடலிலேயே கிடப்பார்கள் என்றேன். கடலுக்கடியில் சில இடங்களில் பாறைத்திட்டு எழும்பி நிற்கும். அதைப் பார் என்போம். அங்கேதான் கலவா மீன் கிடைக்கும். ஆழக் கடலில் நல்ல பார் ஒன்று தெரிந்தவன் ராஜா.

எங்கள் அப்பன் சூசைக்கு அப்படி ஒரு பார் இருந்தது. ஊரில் அதற்கு "சூசைக்க பார்" என்று பெயர் உண்டு, இடம்தான் யாருக்கும் தெரியாது. சாகும்போது என்னையும் ததேயுவையும் மட்டும் கூப்பிட்டுச் சொன்னார். கெட்டினவளிடம் கூடச் சொல்லக் கூடாது. இந்த நோட்டிலும் எழுதமாட்டேன்.

"பக்கத்துப் படகுகள் வயர்லெஸில் எங்கே இருக்கிறாய் என்று கேட்காதா?" என்றார் ஹெல்கா.

நான் சிரித்துவிட்டேன். கேட்பான், கேட்காமல் இருப்பானா? எங்கள் வீட்டில் எப்போதும் அரை நாள் ஓட்டம் தெற்கே தள்ளித்தான் சொல்வோம். அப்பன் சொல்லிக்கொடுத்தது. எல்லா ஸ்ராங்கும் அப்படித்தான். அவன் சொல்வது பொய் என்று எனக்குத் தெரியும், நான் சொல்வது பொய் என்று அவனுக்கும் தெரியும். எவ்வளவு பொய் என்பதுதான் தெரியாது.

ஹெல்கா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெர்மன்காரர்களுக்கு நம் தமாஷ் பிடிபடாது போலிருக்கிறது.

நவம்பர் 14

இன்றைய கதை: யுத்தம் தொடங்கியதும் க்னைசெனாவும் அதன் இரட்டைக் கப்பலான ஷார்ன்ஹார்ஸ்ட்டும் இன்னும் சில கப்பல்களும் பசிபிக் கடலைக் குறுக்கே கடந்து ஊருக்கு ஓடப் பார்த்தன. கரிதான் அவர்களுக்குச் சோறு. டெக்கிலெல்லாம் கரி மூட்டை. தாஹித்தித் தீவில் பிரெஞ்சுக்காரன் கரி குவித்து வைத்திருப்பதை எடுக்கப் போனார்கள். பிரெஞ்சுக்காரன் கரிக்குத் தானே தீ வைத்துவிட்டான். இவர்கள் ஊரைச் சுட்டார்கள். கடைத்தெரு எரிந்து போனது.

கரி இவனுக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை. அந்த ஊர்க்காரன் யாருடைய சண்டையிலும் இல்லை, எரிந்தது அவன் கடை. கேட்கக் கேட்க எனக்குக் காது சூடானது. ஹெல்காவின் தாத்தாவின் அண்ணன் மீதுகூடக் கோபம் வந்தது. அவன் பாவம், கீழே கொதிகலனுக்குக் கரி தள்ளிக்கொண்டிருந்திருப்பான். மேலே எதைச் சுடுகிறார்கள் என்றே தெரிந்திருக்காது.

நவம்பர் 16

சிலி நாட்டுக் கரைக்கு அப்பால் கோரோனல் என்ற இடம். நவம்பர் முதல் தேதி சாயங்காலம் க்னைசெனாவும் ஷார்ன்ஹார்ஸ்ட்டும் கூட வந்த கப்பல்களும் சேர்ந்து இரண்டு இங்கிலீஷ் கப்பல்களைச் சுட்டு மூழ்கடித்தன. ஆயிரத்து அறுநூறு பேர். ஒருவன்கூடப் பிழைக்கவில்லை.

"ஏன் எடுக்கவில்லை?" என்றேன்.

"இருட்டிவிட்டது. அலை பெரிது. படகு இறக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்."

அலை பெரிது! கலெக்டர் ஆபீஸ் வாசலில் எங்கள் பெண்கள் உட்கார்ந்து கத்தியபோதும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்களாம். எழுந்து வெளியே வந்துவிட்டேன். அலை பெரிதாக இருந்ததால்தானே தேடச் சொன்னோம்? சின்ன அலைக்கு அவன் தானே வந்துவிடமாட்டானா?

நவம்பர் 18, ஞாயிறு

இதை எழுதும்போது பேனா தாளைக் கிழிக்கிறது.

ஹெல்கா கடைசி நாளைச் சொன்னார். 1914 டிசம்பர் எட்டு. இந்தத் தீவிலுள்ள ஸ்டான்லி துறைமுகத்தை அடிக்கலாமென்று க்னைசெனாவைத்தான் முன்னால் அனுப்பினார்கள். உள்ளே இங்கிலீஷ்காரனின் பெரிய போர்க்கப்பல்கள் நிற்பது பிறகுதான் தெரிந்தது. திரும்பி ஓடினார்கள். துரத்தி வந்து சுட்டான். முதலில் ஷார்ன்ஹார்ஸ்ட் போனது, ஒருவர் மிச்சமில்லாமல். ஏனென்றால் க்னைசெனாவ் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது, நின்று ஆளெடுக்க நேரமில்லை. சாயங்காலம் இதுவும் கவிழ்ந்தது.

அப்புறம் சுட்டவனே படகு இறக்கினான். தண்ணீரில் கிடந்தவர்களைத் தூக்கினான். பாதிப் பேர் தூக்கும்போதே குளிரில் செத்துப்போனார்கள். இருந்தாலும் நூற்றெண்பதுக்கு மேல் காப்பாற்றினான். எதிரி! அரை மணிக்கு முன்னால் கொல்லப் பார்த்த எதிரி, கயிறு போட்டான், கம்பளி போர்த்தினான்.

ததேயுவுக்கு எதிரி இல்லை. வரி கட்டினான், ஓட்டுப் போட்டான், அடையாள அட்டையைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கடலுக்குப் போவான். புயல் வருகிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. வந்தபிறகு யாரும் போகவில்லை. பிறகு போனார்கள், சும்மா ஒரு சுற்று. எட்டு டிகிரிக்குக் கொஞ்சம் வடக்கே, எழுபத்து நாலு கிழக்கே. அவன் கடைசியாக வயர்லெஸில் சொன்ன இடம், வேறொரு போட்டிலிருந்தவன் கேட்டுச் சொன்னது. "கலவா நல்லா கெடைக்கு, ரெண்டு நாளு கழிஞ்சு வருவேன்" என்றானாம். அந்த இடத்தில் ஒரு பலகைகூட இல்லை என்று திரும்பிவிட்டார்கள். ஒரு பலகைகூட இல்லையென்றால் இன்னும் தேடவேண்டும் என்றுதானே அர்த்தம்?

எல்லாரையும் வைதேன். தமிழில் வைததால் யாருக்கும் புரியவில்லை. ஹெல்கா மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

நவம்பர் 20

மறுபடியும் சேறு.

நவம்பர் 21

மஞ்சள் எந்திரம் கீழே இருக்கும் நேரத்தில் எனக்கு வேலையில்லை. வரைபட அறையில் ஹெல்காவும் சர்வேயர்களும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அங்கே இருந்த இங்கிலீஷ் கப்பல்கள் ஒவ்வொன்றும் க்னைசெனாவ் மூழ்கிய இடம் என்று ஒவ்வொன்றை எழுதி வைத்திருக்கின்றன. மைல் கணக்கில் வித்தியாசம். சூரியனே தெரியாத நாள், நாள் முழுக்க வளைந்து வளைந்து ஓட்டம், எவனுக்குச் சரியாகத் தெரியும்?

"யாரும் பொய் சொல்லவில்லை," என்றார் ஹெல்கா. "எல்லாரும் தப்பு. நாம் தப்பான இடத்தில் ஒழுங்காகத் தேடிக்கொண்டிருக்கிறோம்."

அங்கே ஒரு சர்வேயர் பையன் உலகக் கடலெல்லாம் ஆழம் காட்டும் படத்தைத் திரையில் வைத்திருந்தான். எங்கள் கடலைக் காட்டு என்றேன். எட்டு டிகிரி சொச்சம், எழுபத்து நாலு. காட்டினான்.

இரண்டரை கிலோமீட்டர் ஆழம். தட்டையான சேறு. ஒரு மேடு இல்லை, ஒரு கல் இல்லை.

"இங்கே என்ன மீன் பிடிப்பார்கள்?" என்று பையன் கேட்டான். கலவா என்று சொல்ல வாயெடுத்தேன். சேற்றில் ஏது கலவா? கலவா நல்லா கெடைக்கு என்றானே. பாரில்தானே கிடைக்கும்.

திரையில் அந்தப் புள்ளியிலிருந்து வடக்கே விரலை நகர்த்தினேன். அரை நாள் ஓட்டம். அப்பனுக்க பார் அங்கே சின்னதாக, ஒரு மச்சம் அளவுக்கு எழும்பி நின்றது.

நவம்பர் 22

டெல்பினைக் கூப்பிட்டேன். வணக்கம் கூடச் சொல்லவில்லை.

"அவன் வயர்லெஸ்ல சொன்ன எடம் பொய். உனக்குத் தெரியுமா?"

அழத் தொடங்கிவிட்டாள். தெரியும் என்றாள். புயலுக்கு முந்தைய நாள் போட்டிலிருந்த பழைய சேட்டலைட் போனில் அவளிடம் பேசியிருக்கிறான், பேசும்போதே சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். "சிரிச்சாரு அத்தான். எல்லாவனயும் தெக்க அனுப்பியாச்சு, நான் இஞ்ச நிம்மதியா கெடக்கேன்னு செல்லிச் சிரிச்சாரு."

"பின்ன ஏன் செல்லல்ல?"

"என்னத்த செல்ல? எஞ்ச இருக்காருன்னு எனக்குத் தெரியாதே. உங்களுக்கும் மாமாக்கும் மட்டுந்தானே தெரியும். மாமா இல்ல. நீங்க கடல்ல. நாலு நாளு உங்க கம்பெனிக்கு போன் அடிச்சேன், ஆரும் எடுக்கல்ல."

"அதுக்குப் பொறவு? ஒரு வருசமா?"

"பொறவு செல்லி என்ன? போட்டுல ஒம்பது பேரு இருந்தினும் அத்தான். இவரு பொய் செல்லினதாலதான் தப்பான எடத்துல தேடினும்னு தெரிஞ்சா, அந்த ஒம்பது வீட்டுக்காரியளும் எனக்க மொகத்துல முழிப்பினுமா? எனக்க பிள்ளைய பள்ளிக்கூடத்துக்குப் போவாண்டாமா? அதனாலதான் பூசைய வச்சு முடிச்சிரலாம்னு கெஞ்சினேன்."

அவளையும் வைதேன். பிறகு அவள் அழுகிற சத்தம் கேட்டு நிறுத்தினேன்.

நவம்பர் 23

ததேயு, நீ ஒரு மடையன். நீ நாய். மேகம் கறுத்து வரும்போதாவது வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லியிருக்கக் கூடாதா? நாலு கலவாவுக்காக. அப்பன் சொல்லிக்கொடுத்ததாம். அப்பன் புயலுக்கும் சேர்த்தா சொல்லிக்கொடுத்தார்?

அதிகாரிகள் மீதிருந்த கோபம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். புயல் வருகிறதென்று நேரத்துக்குச் சொல்லியிருந்தால் அவன் எந்தப் பொய்யையும் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்திருப்பான். அவர்கள் பங்கு அவர்களுக்கு. உன் பங்கு உனக்கு. ஒன்பது பேர், ததேயு.

கையுறை வின்சில் சிக்கிக் கிழிந்துவிட்டது. புதிது கேட்டிருக்கிறேன்.

நவம்பர் 24, சனி

க்னைசெனாவ் கிடைக்கவில்லை. வாடகைக் காலம் முடிந்தது, காலநிலையும் கெடுகிறது. காலையில் எல்லாரையும் டெக்கில் நிற்கவைத்து மலர் வளையம் போட்டார்கள். இறக்குவதற்கு நான்தான். ஹெல்கா ஜெர்மன் மொழியில் ஏதோ படித்தார்.

முடிந்ததும் கேட்டேன். "இந்த இடம் இல்லையென்று தெரியும். பிறகு இங்கே எதற்குப் பூ?"

"எங்கேயாவது போட வேண்டுமே, பெர்க். எங்களுக்குச் சரியான இடம் தெரியாது. தெரிந்திருந்தால் அங்கே போட்டிருப்போம்." பிறகு, "உனக்குத் தெரியும், இல்லையா?" என்றார். அன்றைக்கு டெக்கில் நான் தம்பட்டம் அடித்தபோதே இவருக்குப் புரிந்துவிட்டிருக்கிறது. எனக்குத்தான் ஒரு வருடம் பிடித்தது.

மதியம் தேடல் தலைவர் எல்லாரையும் கூட்டிச் சொன்னார். எங்கே தேடினோம் என்று வெளியே ஒருவரும் வாய் திறக்கக் கூடாதாம். வேறொரு குழுவும் தேடப்போகிறதாம். நாம் தேடி விட்ட இடம் தெரிந்தால் அவர்கள் முந்திக்கொள்வார்கள். பத்திரிகைக்காரன் கேட்டால் தெற்கே என்று பொதுவாகச் சொல்லுங்கள் என்றார்.

எனக்கு வந்த சிரிப்பில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கப்பல் இல்லாத இடத்தைக்கூட மறைக்கிறார்கள். எங்கள் அப்பனை இவர்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கும். சிரிப்பு அடங்கியதும் அவ்வளவு கோபம் வந்தது. நேராகப் போய் டெல்பினுக்கு போன் போட்டேன்.

"பேனா எடு," என்றேன். "அப்பனுக்க பார் எங்க இருக்குன்னு செல்லுதேன். எழுதி ஃபாதர்கிட்ட குடு. நாளைக்குக் கோவில்ல எல்லாரும் கேக்க வாசிக்கச் செல்லு. பத்துப் பேரும் கெடக்குத எடம் அதுதான். பூ போடுதவிய அங்க போய்ப் போடட்டும்."

"அத்தான், எல்லாரும் காறித் துப்புவினும்."

"துப்பட்டும்."

"அம்ம? அதுதானே உங்க வீட்டுச் சொத்து?"

"அம்மகிட்ட நான் செல்லுதேன். பூசைக்கு எனக்குச் சம்மதம்."

டிகிரிக் கணக்கைச் சொன்னேன். திருப்பி வாசிக்கவைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொல்கிறேன்.

அம்மையிடம் சொன்னேன். "குடுத்துட்டியா?" என்று ஒரு வார்த்தை. பிறகு போன் கட்டாகிவிட்டது. அவளே கட் செய்தாள்.

நவம்பர் 26

ஃபாதர் வாசிக்கத் தயங்கினாராம். டெல்பினே எழுந்து போய் மைக்கில் வாசித்திருக்கிறாள். புருஷன் பொய் சொன்னதையும் சேர்த்து. வெளியே வந்தபோது போட்டில் போன ஒருவனின் மனைவி ஸ்டெல்லா அவள் காலடியில் துப்பிவிட்டுப் போயிருக்கிறாள். டெல்பின் துடைக்கக்கூட இல்லை. "இனி ஆருக்கும் பயப்படாண்டாம் அத்தான்," என்றாள்.

அம்மை என் போனை எடுக்கவில்லை.

நவம்பர் 28

ஸ்டான்லி வந்து சேர்ந்தோம். துறைமுகம் சின்னது. க்னைசெனாவ் எட்டிப்பார்த்துவிட்டு ஓடிய வாசல் இதுதான் என்று ஹெல்கா காட்டினார். துணி துவைத்தேன். ஊரிலிருந்து பாருக்குப் போட்டுகள் கிளம்பிவிட்டதாக டெல்பின் செய்தி அனுப்பினாள். முதலில் கிளம்பியது ஸ்டெல்லாவின் அண்ணனுடைய போட்.

நவம்பர் 30

பூசை. பத்துப் பெயர்களையும் வாசித்தார்களாம். ததேயு பெயர் கடைசி.

டிசம்பர் 2, ஞாயிறு

அம்மை தானே கூப்பிட்டாள். நான் பேசுமுன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"எட்டு போட் போய்ட்டு வந்திருக்கு. பூ போட்டினும், ஜெபம் செல்லினும். அவ்வளவுதான். அந்தப் பாருக்கு மேல நின்னுக்கிட்டு ஒருத்தன்கூட தூண்டி போடல்ல, மக்கா. வெறுங்கையோட திரும்பி வந்திருக்கானுவ."

"நல்லதுதானே அம்ம. மரியாதைக்குச் செஞ்சிருப்பினும்."

அம்மை வெடித்தாள்.

"என்ன மரியாத? கலவா கெடக்குத எடம் அது! எனக்க மவன் பத்து உசிரக் குடுத்து மறச்ச எடம். இனி அத ஆருக்குன்னு பூட்டி வைக்க? அடுத்த மட்டம் போவும்போ தூண்டி போடணும்னு ஸ்டெல்லாக்க அண்ணங்கிட்ட நானே போய் செல்லியிருக்கேன். போட்டுட்டு, எஞ்ச நிக்குதோம்னு வயர்லெஸ்ல கேட்டா உள்ளத உள்ளபடி செல்லணும். செல்லாம வந்தான்னா கரையில வச்சு அடிப்பேன்னும் செல்லியிருக்கேன்."

இன்னும் கத்திக்கொண்டே இருந்தாள். நான் போனை வைக்கவில்லை.